நூலகத்தில் அதிக நேரம் இருந்தவள்

அவள் தூங்குவதை என்னைத் தவிர வேறு யாரும் பார்த்ததில்லை. அதாவது, பலர் பார்த்தார்கள். படிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

இடது கையை வெயிலுக்குப் பிடிப்பதுபோல நெற்றியில் வைத்துக்கொள்வாள். கண் வெளியே தெரியாது. வலது கையில் பேனா. அதன் முனை நோட்டில் ஊன்றியிருக்கும். முதுகு வளையாது, தலை தொங்காது, வாய் பிளக்காது. முன்னால் ஒரு வேதியியல் புத்தகம் நடுப்பக்கத்தில் விரிந்திருக்கும். தலையணை அளவுக்குத் தடிமனான புத்தகம். ஆனால் அதன்மேல் ஒருநாளும் அவள் தலை சாய்ந்ததில்லை. மாடிப்படியில் யாராவது ஏறிவரும் சத்தம் கேட்டால் பேனா நகர ஆரம்பிக்கும். புத்தகத்தில் ஒரு வரிக்குக் கீழே நிதானமாகக் கோடு இழுக்கும். விழித்துக்கொண்டாளா என்றால் இல்லை. கை மட்டும் விழித்துக்கொள்ளும். வந்த ஆள் போனதும் கையும் தூங்கிவிடும்.

ஒருமுறை அந்த நோட்டைத் திறந்து பார்த்தேன். எழுத்து எதுவும் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் நீல மைப் பொட்டுகள். பேனா ஊன்றிய இடத்தில் மை ஊறி ஊறிச் சில பொட்டுகள் சுண்டைக்காய் அளவுக்கு இருந்தன. பொட்டு பெரிதாக இருந்தால் அன்றைக்கு நன்றாகத் தூங்கியிருக்கிறாள் என்று பிறகு நானாகப் புரிந்துகொண்டேன்.

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயர் ஒருதடவை பெரிய எழுத்தில் அச்சாகிச் சுவரில் தொங்கியதே போதும்.

மதுரையிலிருந்து திருமங்கலம் போகிற சாலையில், திருநகர் தாண்டி ஒரு கல்லூரி. அங்கே நூலகத்தில் நான் உதவியாளர். படிப்பு பன்னிரண்டாவது. புத்தகம் எடுத்துக் கொடுப்பேன், வந்ததை அடுக்குவேன், தூசி தட்டுவேன். மனிதர்களோடு பேசுவது எனக்கு வராது. அலமாரிகளுக்கு நடுவே நின்றுகொண்டால் யாரும் பேசச் சொல்ல மாட்டார்கள் என்பதற்காகவே இந்த வேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். மாடியில், பழைய சஞ்சிகைகளை வருடவாரியாகத் தைத்து வைத்திருக்கும் அறை ஒன்று உண்டு. என் மேசை அங்கேதான். அந்த அறைக்கு யாரும் வர மாட்டார்கள். அவள் முதல் வருடத்தில் சேர்ந்து இரண்டு மாதத்தில் அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வருவாள். வகுப்பு இல்லாத நேரங்களில் வருவாள். மாலை நான்கு மணியிலிருந்து ஆறு மணிவரை இருப்பாள். சனிக்கிழமை என்றால் திறந்ததிலிருந்து மூடும்வரை. இப்படி ஒரு படிக்கிற பிள்ளையா என்று நானும்தான் முதலில் நினைத்தேன். ஒருநாள் அவள் மேசைக்குக் கீழே பெருக்குவதற்காகக் காலை நகர்த்தச் சொன்னேன். அவள் அசையவில்லை. பேனா மட்டும் கோடு இழுத்தது. அந்தக் கோடு எழுத்துக்குக் கீழே போகாமல் ஒரு படத்தின் குறுக்கே போனது. குனிந்து, நெற்றிக் கைக்கு அடியில் பார்த்தேன்.

நூலகத்தில் தூங்கக் கூடாது. சுவரில் பலகையே உண்டு. தூங்கினால் எழுப்பி, அடையாள அட்டையை வாங்கி, கீழே தலைமை நூலகர் சாரிடம் அனுப்ப வேண்டும். நான் துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, சத்தம் போடுகிற மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

எழுந்ததும் அவள் முதலில் பார்த்தது துடைப்பத்தை. அப்புறம் என்னை.

“சாருட்டச் சொல்லிருவீங்களாக்கா?”

“இல்ல.”

“நெசமா?”

“ம்.”

“நான் படிக்கத்தான்க்கா வந்தேன். சத்தியமா. வந்து உக்காந்தா இப்டி ஆயிருது.”

“ராத்திரி தூங்குறதில்லையா?”

“படுப்பேன்க்கா,” என்றாள்.

அவளிடம் எதைக் கேட்டாலும் இப்படித்தான் பாதிப் பதில் வரும். சாப்பிட்டாயா என்றால் “மெஸ்ஸுக்குப் போனேன்க்கா” என்பாள். பரீட்சை எப்படி என்றால் “எழுதுனேன்க்கா” என்பாள். அவள் பொய் சொன்னதே இல்லை. கேட்டவர்கள்தான் மீதியைத் தாங்களாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

அவள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். பரம்பரையாக அடுத்தவர் நிலத்தில் வேலை செய்த குடும்பம். அவள் அப்பா காலத்தில்தான் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வந்து, அதில் மல்லிகை போட்டிருந்தார்கள். மல்லிகை மொட்டாக இருக்கும்போதே எடுத்து, மார்க்கெட்டுக்குப் போகிற வண்டியில் ஏற்றிவிட வேண்டும். அதற்கு விடியும்முன், மூன்று மணிக்கெல்லாம் எழ வேண்டும். ஏழாவது படிக்கும்போதிலிருந்து நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு பூ எடுத்தவள் அவள். பூ எடுத்துவிட்டு வந்து, குளித்து, பள்ளிக்கூடம் போய்விடுவாள். ஊரில் இருந்தவரை எட்டு மணிக்கே படுத்துவிடுவதால் அது ஒன்றும் தெரியவில்லை.

விடுதியில் ஓர் அறைக்கு நான்கு பேர். மற்ற மூன்று பேரும் ஒரு மணிவரை போனை வைத்துக்கொண்டு பேசுவார்கள், சிரிப்பார்கள். அவர்கள் தூங்கி இவளும் கண்ணை மூடினால், மூன்று மணிக்கு உடம்பு எழுந்து உட்கார்ந்துவிடும். எடுக்கப் பூ இல்லை. அதன்பிறகு விடிகிறவரைக்கும் இவளும் கூரையும்தான்.

“மொதல்ல அவளுக பேச்சாலதான்க்கா தூக்கம் போச்சு. இப்ப அவளுக ஊருக்குப் போனாலும் வரமாட்டேங்குது. லைட்ட அணைச்சாப் போதும், மனசு லைட்டப் போட்டுருது.”

“என்ன நெனப்ப?”

“என்னத்தையாவது. கிளாஸ்ல இங்கிலீஷ்ல கேட்டதுக்கு முழிச்சது. ஒரு பேப்பர் போச்சுன்னு வீட்ல இன்னும் சொல்லாதது. இப்பத் தூங்குனா நாலு மணி நேரம் கிடைக்கும், இப்பத் தூங்குனா மூணு மணி நேரம்னு எண்ணிக்கிட்டே கெடப்பேன்.”

“இங்க மட்டும் எப்படி வருது?”

கொஞ்சம் யோசித்தாள். “நீங்க முழிச்சிருக்கீங்கல்லக்கா.”

அதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். என்னிடம் அப்படி யாரும் சொன்னதில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். மதியம் சாப்பிட்டபிறகு என் அம்மாவுக்குப் போன் போட்டு, யாருக்கும் கேட்காதபடி கொஞ்ச நேரம் பேசுவேன். ஒருநாள் பேசி முடித்து வைத்ததும், தூங்கிக்கொண்டிருந்தவள் கையை எடுக்காமலே கேட்டாள்.

“ஏன்க்கா நிறுத்திட்டீங்க?”

“தொந்தரவா இருக்கேன்னு.”

“இல்லக்கா, அது நல்லாருக்கு. தமிழ்னா ஒவ்வொரு வார்த்தையவும் பிடிச்சுக்கிட்டு மனசு ஓடும். உங்க பாஷ ஒண்ணும் புரியல. அதான் சொகமா இருக்கு.”

அதிலிருந்து போன் இல்லாமலே பேச ஆரம்பித்தேன். முதலில் தக்காளி, பால், பஸ் என்று ஏதோ பேசினேன். பிறகு என் கணவரைப் பற்றி. திருமணமான இரண்டாம் வருடத்தில் நடந்த ஒரு விஷயத்தைப் பற்றி. என் அக்காள் என்னிடம் ஏன் பேசுவதில்லை என்பது பற்றி. யாரிடமும் சொல்லாததையெல்லாம் அந்தப் பிள்ளையின் முன்னால் உட்கார்ந்து, என் பாஷையில், தணிந்த குரலில் சொன்னேன். அவள் நோட்டில் மைப் பொட்டு பெரிதாகிக்கொண்டே இருக்கும். இரண்டு வருடம் அப்படிப் போனது. அவளுக்குத் தூக்கம் கிடைத்தது, எனக்கும் ஒன்று கிடைத்தது. அவள் இரவில் தூங்குவதில்லை என்பதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம், சொன்னால் அவளை இங்கே வர விடமாட்டார்கள் என்றும் தோன்றும். அவள் நன்மைக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேன் என்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை.

ஒரே ஒருதடவை முயற்சி செய்தேன். கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்குப் பக்கத்தில், மாணவர் மனநல ஆலோசனை மையம் என்று பலகை உண்டு. பலகையில் சூரியன் ஒன்று பல்லைக் காட்டிச் சிரிக்கும். அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். பூட்டியிருந்தது. சாவி விளையாட்டு ஆசிரியரிடம் இருக்கிறது என்றார்கள். அவர் மைதானத்திலிருந்து விசிலோடு வந்தார்.

“என்னம்மா, எத்தன பந்து வேணும்?”

“பந்து இல்ல சார். இந்த ரூமு…”

“இந்த ரூமுதான். உள்ள நெட்டு, பந்து, ஸ்டம்பு எல்லாம் இதுலதான் கெடக்கு. கவுன்சிலிங் மேடம் மாசத்துல ஒருநா வருவாங்க. போன மாசம் வரல. யாருக்குப் பிரச்சன? இந்தப் பொண்ணுக்கா? நல்லாத்தான இருக்கு.”

அவளை மேலும் கீழும் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள், “இல்ல சார், சும்மா வந்தோம்,” என்றாள். திரும்பி மாடி ஏறும்போது பாதிப் படியில் உட்கார்ந்துகொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

“அக்கா, ஒரு பந்தாவது வாங்கிட்டு வந்திருக்கலாம்க்கா. வெறுங்கையோட வந்துட்டமே.”

நானும் சிரித்தேன். அதற்காக இப்போது என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

கல்லூரி மனநலத்தைக் கவனிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. கல்லூரிக்குத் தரம் போடுகிற ஆய்வுக்குழு வரப்போகிறது என்றதும் ஒரு கூட்டம் வைத்தார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு, சாப்பாட்டுக்கு மேல், கருத்தரங்கக் கூடத்தில். பேச வந்தவர் தூக்கத்தின் அவசியம் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். பாதிக் கூடம் தூங்கிவிட்டது. பின்னால் நின்ற ஆசிரியர்கள் ஒவ்வொருவராகத் தோளில் தட்டி எழுப்பிக்கொண்டே இருந்தார்கள். அவள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள். அன்றைக்கு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. கூடத்தில் முகம் தெரியாத ஆட்கள் அதிகம்.

கடைசியில் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். தினமும் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்பது முதல் கேள்வி. வகுப்புத் தலைவன் எழுந்து, “மாப்ள, எல்லாரும் எட்டுன்னு போட்டுருங்க. கிளாஸ் மேடம் சொல்லிட்டாங்க. மாத்திப் போட்டவன் மாத்தித் திரும்ப எழுதணும்,” என்றான். அந்தத் தாள்கள் கோப்பில் கோக்க என்னிடம்தான் வந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எல்லாவற்றிலும் எட்டு. அவளுடையதிலும் எட்டு. ஆனால் பேனாவை ஊன்றி யோசித்திருக்கிறாள். எட்டுக்குப் பக்கத்தில் ஒரு மைப் பொட்டு இருந்தது. துளை போட்டுக் கோத்தேன்.

இனி அந்தப் பரிசைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் நூலக வாசலில் ஒரு கருவி உண்டு. உள்ளே வரும்போது அடையாள அட்டையைக் காட்டினால் கீச்சென்று ஒரு சத்தம். போகும்போது காட்டினால் இன்னொரு கீச். யார் எத்தனை மணி நேரம் உள்ளே இருந்தார்கள் என்று கம்ப்யூட்டர் கூட்டி வைத்துக்கொள்ளும். வருடக் கடைசியில், அதிக நேரம் இருந்தவருக்கு ஆண்டு விழாவில் சிறந்த வாசகர் விருது. பட்டியலை அச்செடுத்து சாரிடம் கொடுப்பது என் வேலை.

அவளுடைய இரண்டாம் வருடக் கடைசியில் அந்தப் பட்டியலை எடுத்தேன். முதல் பெயர் அவளுடையது. இரண்டாவதாக இருந்த பையனின் நேரம் அவளுடையதில் பாதிகூட இல்லை.

சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். “யாரும்மா இது? நான் பாத்ததே இல்லையே.”

“மாடில இருக்கும் சார்.”

“அங்க பழசுதான கெடக்கு. அதையெல்லாமா படிக்கிது?”

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். “சார், அந்தப் பொண்ணு வந்து…” என்று ஆரம்பித்தேன்.

“நல்லாப் படிக்குதுல்ல?”

“ஆமா சார்,” என்றேன்.

தூங்கியது தெரிந்தும் எழுப்பாமல் விட்டதற்கு எனக்கு என்ன வரும் என்ற பயம் ஒன்று. இன்னொன்று, ஆசை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த பிள்ளை, இங்கிலீஷில் கேட்டால் முழிக்கிற பிள்ளை, மேடையேறி ஒரு கேடயம் வாங்கினால் என்ன கெட்டுப்போய்விடும் என்று நினைத்தேன்.

அவளிடம் சொன்னபோது அவள் முகம் வெளுத்துவிட்டது.

“அக்கா, வேணாம்னு சொல்லுங்கக்கா. நான் ஒரு பக்கங்கூடப் படிக்கலக்கா.”

“யாருக்குத் தெரியும்? வாங்கிக்க. வீட்ல சந்தோசப்படுவாங்க.”

“எனக்குத் தெரியும்லக்கா.”

“ஒருநா மேட. அம்புட்டுத்தான,” என்றேன்.

அவள் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். முதல் வரிசையில் உட்காரச் சொன்னபோது மறுத்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். சிறப்பு விருந்தினர் மைக்கில், இந்த மாணவி இரண்டு ஆண்டுகளில் நூலகத்தையே கரைத்துக் குடித்திருக்கிறார் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். மேடை வெளிச்சம் கண்ணில் அடித்ததால் அவள் இடது கையை நெற்றியில் வைத்துக்கொண்டாள். தூங்கிவிடுவாளோ என்று எட்டிப் பார்த்தேன். அப்பா கைதட்டவில்லை. அழுதுகொண்டிருந்தார்.

ஒருநாள் மேடை என்று நான் சொன்னது ஒருநாளோடு முடியவில்லை. சார் அவள் படத்தைப் பெயரோடு பெரிதாக அச்சடித்து நூலக வாசலில் மாட்டினார். மாடியில் காற்று இல்லை, வெளிச்சம் இல்லை என்று, தன் கண்ணாடி அறைக்கு எதிரே இருக்கிற முதல் மேசையை அவளுக்கென்று ஒதுக்கினார். அது அவர் செய்த பெரிய மரியாதை. மூன்றாம் வருடம் தொடங்கியதும் ஆசிரியைகள் புதுப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்கள்.

“பாத்தீங்களா, இந்த அக்கா மாதிரி உக்காந்து படிக்கணும்.”

பையன்களுக்கு அது கேலி. அவள் போகும்போது, “மாப்ள, லைப்ரரி நடந்து வருது பாரு, வழி விடுங்கடா,” என்பார்கள்.

அவள் முதல் மேசையில் உட்கார்ந்து, கண்ணை அகலத் திறந்துவைத்து, அந்தத் தடிப் புத்தகத்தின் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பேனா மூடியிருக்கும். நோட்டில் பொட்டு விழவில்லை. நான் ஏதோ எடுப்பதுபோல மாடியிலிருந்து இறங்கி அவள் பக்கம் போவேன். பேச முடியாது, சாரின் கண்ணாடி அறை எதிரில் இருந்தது.

“மேல வா,” என்று ஒருநாள் உதட்டை அசைத்தேன்.

“வந்தா ஏன் போனன்னு கேப்பாகக்கா,” என்று முணுமுணுத்தாள். “போட்டோ இருக்கே.”

“அப்ப லைப்ரரிக்கே வராத. ரூம்ல படு.”

“வரலைன்னா பரிசு வாங்குனதும் நிறுத்திட்டான்னு சொல்லுவாக.”

இரவும் போயிற்று, பகலும் போயிற்று. ஒரு மாதத்துக்கு மேல் அப்படி இருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்தது. முடி வாரியதும் வாராததுமாக வந்தாள். பார்க்கிறவர்கள், “ரெம்பப் படிக்கிறாடி,” என்றார்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாளைக்குச் சொல்லலாம், வெள்ளிக்கிழமை சொல்லலாம் என்று இருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. நூலகம் திறந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும். வாசலில் கீச், கீச், கீச் என்று விடாமல் சத்தம். சார் உள்ளேயிருந்து, “மெஷின் கெட்டுப்போச்சா பாரும்மா,” என்றார். இறங்கி வந்தேன். அவள் கருவிக்கு முன்னால் நின்று, அட்டையைக் காட்டுகிறாள், எடுக்கிறாள், மறுபடி காட்டுகிறாள். பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். யாரும் சிரிக்கவில்லை.

கையைப் பிடித்தேன். அவள் என்னைத் தெரிந்த மாதிரிதான் பார்த்தாள். மெதுவாக, சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

“அக்கா, நான் இப்ப உள்ள இருக்கனா, வெளிய இருக்கனா?”

விடுதிக் காப்பாளர் வந்தார். வீட்டுக்குப் போன் போனது. உடம்பு சரியில்லை என்று விடுப்பில் எழுதினார்கள். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவள் அப்பா வந்தார். கல்லூரியிலிருந்து அவளை விலக்கிக்கொள்ள, ஒவ்வொரு இடமாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். எங்கள் நூலகத்திலும் ஒரு கையெழுத்து வேண்டும். சார் அறைக்குள்ளிருந்து எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எங்க லைப்ரரியில இப்படி ஒரு பிள்ளைய நான் பாத்ததில்லைங்க. என்ன செய்றது. மூளைக்கு ரெம்ப வேல குடுத்துருச்சு.”

“அதத்தாங்க சார் கே.கே. நகர் டாக்டரும் கேட்டாரு,” என்றார் அப்பா. “ரெம்பப் படிக்குமான்னாரு. ஆமாங்க, காலேஜிலயே மொத ஆளா வந்து பரிசெல்லாம் வாங்குச்சுன்னேன். கேடயத்தக் கொண்டுபோய்க் காட்டுனேன். இப்ப வீட்ல ஒரு புக்கு வைக்கலங்க. காலண்டரக்கூட எடுத்துட்டேன். மாத்திர குடுத்தா தூங்குது. எந்திரிச்சா சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு.”

“பாவம்,” என்றார் சார். கையெழுத்துப் போட்டார்.

“சின்ன மகளையும் பன்னெண்டாவதோட நிறுத்திட்டேன் சார். அதுவும் நல்லாப் படிக்கிற புள்ளதான். அதான் பயம். இப்ப மில்லு வேன்ல வேலைக்குப் போகுது. ஒரு வாரம் பகல் ஷிப்ட்டு, ஒரு வாரம் ராத்திரி.”

சார் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அப்பா தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படி இறங்கினார். நான் அந்த முதல் மேசையருகில் நின்றேன். ஒரு நிமிடம் நின்றிருப்பேன். பிறகு, யாரிடமும் சொல்லாமல், செருப்புகூடப் போடாமல் ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் அவரைப் பிடித்தேன்.

“அண்ணே,” என்றேன். மூச்சு வாங்கியது. “அவ படிக்கலண்ணே. தூங்குனா. ரெண்டு வருசமும் எங்கிட்ட வந்து தூங்கத்தான் செஞ்சா. ராத்திரில அவளுக்குத் தூக்கம் கெடையாது. அந்தப் பரிசு வந்ததும் இங்கயும் தூங்க முடியாமப் போச்சு. படிச்சு ஒண்ணும் ஆகலண்ணே, தூங்காமதான் ஆச்சு. டாக்டர்ட்ட இதச் சொல்லுங்க. சின்னவளப் படிக்க வைங்க.”

என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. அவர் பையைக் கீழே வைத்தார்.

“அப்ப அந்தப் பரிசு?”

“உள்ள இருந்த நேரத்தத்தான் மெஷினு எண்ணும்ணே.”

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயிலுக்குத் துடைத்தாரா என்று தெரியவில்லை.

“டாக்டர்ட்டச் சொல்றேம்மா. அவருட்ட மட்டும் சொல்றேன். ஊர்ல சொல்ல முடியாது. படிச்சுப் படிச்சுத்தான் இப்டி ஆயிருச்சுன்னு எல்லாருட்டயும் சொல்லியாச்சு. எங்க தெருவுல இருந்து போன ஒரு புள்ள, புத்தி கலங்குற அளவுக்கு அம்புட்டுப் படிச்சிருக்குன்னு, அதுல ஒரு மருவாத இருக்கும்மா. தூங்குறதுக்கா அம்புட்டுத் தூரம் அனுப்புனன்னு கேட்டுட்டா நான் என்ன சொல்றது?”

“சின்னவ?”

“அவள நிறுத்தியாச்சே. அக்கா மாதிரி ஆயிறக் கூடாதுன்னு சொல்லித்தான் நிறுத்துனேன். மூணு நாளு சாப்பிடாம அழுதா. இப்பப் போயி, ஒங்கக்கா படிக்கவே இல்லடின்னு சொன்னா, அப்ப என்னைய எதுக்குப்பா நிறுத்துனன்னு கேப்பாள்ல?”

பஸ் வந்தது. ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு அவர் திரும்பினார்.

“நீங்க அப்பவே சொல்லியிருக்கலாம்மா,” என்றார்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை.